நகல் நெருப்பு

கூட்டம் சேர்ந்தால் சீட்டு விளையாட்டுக் கடை தேவசகாயத்துக்கு வாய் நீளும். அன்று, கடை பெருக்கும் பூங்காவனத்தை ஆட்டத்துக்கு இழுத்தார். "தோத்தா வேலைக்கே வராதே!"

ஆட்டம் முற்றி, ஆளுக்கு மூன்று உயிர்ப் புள்ளிதான் மிச்சம். மூன்றையும் எரிக்கும் நெருப்பு மந்திரச் சீட்டை அவர் ஓங்கி அடித்தார். அவள் அதன்மேல் நகல் சீட்டை வைத்தாள்.

"என் மந்திரத்தையே காப்பி அடிக்கிறியா? முதல்ல போட்டது நான். நீ செத்தப்புறம்தான் உன் நகல்!"

"இல்லைங்க முதலாளி, நகல்தான் முதல்ல வேலை செய்யும். யாரை எரிக்கணும்னு நான் புதுசா சொல்லலாம். உங்களைத்தான் சொல்றேன். சுவத்துல பாருங்க."

விதிப் பலகையில் அப்படித்தான் இருந்தது, அவர் கையெழுத்திலேயே. கூட்டம் சிரித்த சிரிப்பில் அவருக்குக் காது மடல் சுட்டது.

"நாளைக்கு வாம்மா" என்றார், தலை நிமிராமல்.

"வரேங்க. நீங்க படிக்கிற மாதிரி பலகையைத் துடைச்சு வைக்கணும்ல?"