நீங்க எத்தனை?

பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு கிட்டார் மாஸ்டர் இருந்தார். பெயர் இவாஞ்சலின். முப்பது வயதுகூட ஆகவில்லை. பெண்ணாக இருந்தால் என்ன, கிட்டார் சொல்லிக் கொடுத்தால் மாஸ்டர்தான் என்று காலனிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இவா மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அவரிடம் அமலோற்பவம் என்று ஒரு சிஷ்யை இருந்தாள். குருவைவிட சிஷ்யைக்கு வயது ரொம்பக் கூட. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவை மாஸ்டர் என்பாள்.

அமலோற்பவம் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவள். புருஷன் சவரிமுத்துவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. மகள் ஷெர்லினுக்கு என்று ஒரு கிட்டார் வாங்கினார்கள். அவள் ஒரு மாதம் கற்றுக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள். கிட்டார் பெட்டியோடு பரணுக்குப் போனது. ஒரு நாள் ஒட்டடை அடிக்கும்போது அமலோற்பவத்தின் கை பட்டு உள்ளே ஏதோ முனகியது. அவள் பெட்டியை இறக்கித் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடி பரணில் வைக்க மனசு வரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்கு மாஸ்டர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே இருந்த கிட்டார் ஒவ்வொன்றையும் அவள் மடியில் வைத்து, ஒரே இடத்தில் அழுத்தச் சொன்னார். ஒன்றில் அவள் ஸ்ஸ் என்று விரலை எடுத்துக்கொண்டாள். ஒன்றில் சத்தமே வரவில்லை. ஒன்றில் சிரித்தாள்.

"இதுல இருக்கிற கம்பிதான் உங்களுக்கு" என்றார் மாஸ்டர்.

அது பத்தாம் நம்பர் கம்பி.

கிட்டார் கம்பி கவரில் வரும். கவர் மேல் ஒரு நம்பர் இருக்கும். ஒன்பது என்றால் மெல்லிசு. பத்து, பதினொன்று என்று ஏற ஏறக் கம்பி தடிக்கும். பன்னிரண்டு நல்ல தடிமன். சத்தமும் பெரிசாக வரும், அழுத்துவதற்குத் தெம்பும் வேண்டும்.

இது கடைக்காரர்கள் கணக்கு. மாஸ்டர் வீட்டு வகுப்பில் பிள்ளைகள் இதை வேறு மாதிரி ஆக்கிவிட்டார்கள். பத்து போடுகிறவன் பத்தாவது. பதினொன்று போடுகிறவன் ப்ளஸ் ஒன். பன்னிரண்டு போடுகிறவன் ரீகன் ஒருத்தன்தான். இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிறவன், மைக் இல்லாமலே மைதானத்தில் வாசிப்பான். அவன் கைக்கு அது சரியாக இருந்தது. அவனும் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டுதான் நடந்தான்.

மாஸ்டர் எத்தனை என்று யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டுக்கு மேலே ஏதாவது இருக்கும் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அமலோற்பவம் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதோடு நின்றவள். அதனால் பத்தாம் நம்பர் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே ஒன்பதில் விட்டேன், இங்கே ஒரு வகுப்பு தாண்டிவிட்டேன் என்று சவரிமுத்துவிடம் சொல்லிச் சிரித்தாள். ஷெர்லின் கல்யாணத்தில், பெண் மாதா கோயிலுக்குள் நடந்து வரும்போது பாடுகிற பாட்டுக்குத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பாடற்குழுவிலும் சரி என்றார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நிச்சயதார்த்தத்தில் வந்தது வினை.

மாப்பிள்ளையின் அம்மா ஹென்றியட்டா டீச்சர், திண்டுக்கல்லில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் மாமன், சித்தி, நாத்தனார் எல்லோரும் வாத்தியார்கள். டீச்சர் யாரைப் பார்த்தாலும் முதலில் படிப்பைத்தான் கேட்பார். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த நேரம், அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, நீங்க எத்தனை?"

அமலோற்பவத்துக்குக் காலையில் வாசித்த பாட்டுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நுனிகூட இன்னும் சுருக்கென்று இருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"இப்ப பத்து, டீச்சர். போகப் போக பன்னிரண்டுக்கு மாறணும்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில், மாவு வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு, ப்ளஸ் டூ எழுத நினைக்கிறார்களே என்று தன் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வரிசை முழுக்கக் கை தட்டியது. காமர்ஸா, சயின்ஸா என்று டீச்சர் கேட்டபோதுதான் அமலோற்பவத்துக்கு விஷயம் விளங்கியது. அதற்குள் கை தட்டி முடித்திருந்தார்கள். அவள் தலையை இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஆட்டி வைத்தாள். ஷெர்லின் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கொடுத்துவிட்டார்களாம். உள்ளே முழுக்கப் பழைய கேள்வித்தாள்.

அமலோற்பவம் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு நேராக மாஸ்டர் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பே தரையில் உருண்டு கொண்டிருந்தது. கெமிஸ்ட்ரிக்கு வேண்டுமானால் நான் ட்யூஷன் எடுக்கிறேன் ஆன்ட்டி என்றான் ரீகன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குப் பன்னிரண்டு மாட்டி விடுங்க மாஸ்டர்."

"எதுக்குக்கா?"

"படிப்புல இனி ஆகாது. கம்பியிலயாவது பன்னிரண்டு ஆயிட்டா, சொன்னது முழுப் பொய்யா இருக்காதுல்ல."

மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மாட்டிடலாம்" என்றார். பத்தைக் கழற்றிப் பன்னிரண்டை மாட்டினார். தடித்த கம்பி கிட்டாரின் கழுத்தை முன்னால் இழுத்தது. அதையும் திருகிச் சரி செய்து கொடுத்தார். கழற்றிய கம்பிகளைச் சுருட்டிக் கவரில் போட்டு ஜன்னல் மேல் வைத்தார்.

அதற்குப் பிறகு அமலோற்பவம் பட்ட பாடு சவரிமுத்துவுக்குத்தான் தெரியும். கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு விரல் நுனி காய்த்துக் கெட்டியாகும். இவள் கையோ பாதி நாள் ஈர மாவில் கிடக்கிற கை. காய்க்கக் காய்க்க ஊறி உரிந்தது. உப்புப் போட்டு மாவைக் கரைக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஷெர்லின் கரண்டியால் கலக்கச் சொன்னாள். கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்று இவள் கேட்கவில்லை. சவரிமுத்து தானே கரைக்கிறேன் என்று வந்து நின்றார். அன்றைக்கு விற்ற மாவு பொங்கவில்லை என்று நாலு வீட்டிலிருந்து ஆள் வந்தது. மறுநாள் அவரை அந்தப் பக்கமே விடவில்லை.

ஆனால் விடாப்பிடியாக வாசித்தாள். கம்பி முதலில் கொரகொரத்தது. பிறகு அடங்கியது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, முழுப் பாட்டையும் பன்னிரண்டில் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்துக் காட்டினாள். ரீகன் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். பாஸ் ஆன்ட்டி, என்றான்.

அமலோற்பவம் மாஸ்டரைப் பார்த்தாள்.

"தேறிட்டேனா மாஸ்டர்?"

மாஸ்டர் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். சமையலறையில் இருந்து ஒரு முருங்கைக்கீரைக் கட்டைக் கொண்டுவந்து பூச்செண்டு மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ரீகனைக் கூப்பிட்டு, நீதான் பெண்ணின் அப்பா என்று அவன் கையைக் கோத்துக்கொண்டார். இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே போய் நின்றார்கள்.

"பொண்ணு ரெடி. வாசிங்கக்கா."

அவள் வாசித்தாள். கடைசி வரை ஒரு தப்பும் இல்லை. நிமிர்ந்தபோது மாஸ்டர் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பொண்ணு வந்துட்டாக்கா."

"எப்ப வந்தா?"

"இப்பத்தான். உங்க முன்னாடி நின்னுட்டுப் போனா."

இன்னொரு தரம் வாருங்கள், இந்த முறை பார்க்கிறேன் என்றாள் அமலோற்பவம். மறுபடியும் வந்தார்கள். வாசிக்கும்போதே பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரிப்பது அவளுக்குக் கேட்டது. விடாமல் வாசித்து முடித்தாள்.

"எங்க தப்பு பண்ணேன்?"

"தப்பே இல்லக்கா. சுத்தமா இருந்துச்சு."

"அப்ப ஏன் சிரிக்குதுங்க?"

மாஸ்டர் கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு டான்ஸ் ஆடிக்கொண்டே வந்தார் ஆன்ட்டி, ரீகன் அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தான், என்று ஒரு வாண்டு சொன்னது.

"நான் பாக்கலையே" என்றாள் அமலோற்பவம்.

"ஆமா" என்றார் மாஸ்டர்.

அமலோற்பவம் தன் இடது கையைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, விரல் நுனி வெளுத்துக் கிடந்தது. பன்னிரண்டைப் பிடித்து அழுத்துவதற்கே கண், கழுத்து, பல் எல்லாம் வேண்டியிருந்தது. வேறு எதற்கும் மிச்சம் இல்லை.

"அவ ஒரு தடவைதானே வருவா" என்றாள்.

மாஸ்டர் துண்டை மடித்துக் கொடியில் போட்டார். அமலோற்பவம் எழுந்து ஜன்னல் மேல் இருந்த கவரை எடுத்து வந்தாள். கம்பியைத் தானே கழற்ற உட்கார்ந்தாள். சுருட்டி வைத்த கம்பி இனி உதவாது என்று மாஸ்டர் உள்ளே போய்ப் புதுப் பத்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டுக்கு இறுக்கிய கழுத்தைப் பத்துக்குத் தளர்த்தியும் கொடுத்தார்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. பாட்டு தொடங்கியது. சவரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு ஷெர்லின் வாசலில் வந்து நின்றாள். அமலோற்பவத்தின் விரல்கள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் மகளைப் பார்த்தாள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை பார்த்தாள். ஷெர்லின் பாதி வழியில் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். அம்மாவும் திருப்பிக் கண்ணடித்தாள். அந்த இடத்தில் விரல் ஒரு பிடி தப்பிப் போனது. பாடற்குழுவில் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அமலோற்பவம் சிரித்துக்கொண்டே அடுத்ததைப் பிடித்துவிட்டாள்.

மண்டபத்தில் பிரியாணிப் பந்தி. மாஸ்டரும் ரீகனும் உட்கார்ந்திருந்தார்கள். அமலோற்பவம் அவர்களுக்குத் தயிர் வெங்காயம் வைத்துக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் ஹென்றியட்டா டீச்சர் வந்து அமர்ந்தார். பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னார். சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பன்னிரண்டு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

அமலோற்பவம் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"டீச்சர், நான் படிச்சது ஒன்பதாவது. நீங்க கேட்டப்ப நான் கிட்டார் கம்பி நம்பரைச் சொல்லிட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்க கேள்வித்தாள் பத்திரமா இருக்கு, தந்துடுறேன்."

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தான் திண்டுக்கல் முழுக்கச் சொல்லி வைத்திருப்பதாகவும், இனி அத்தனை பேரிடமும் போய்க் கம்பியைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சிரித்து முடித்தும் பழைய தொழில் அவரை விடவில்லை. சரி, கம்பியிலாவது பன்னிரண்டு வந்ததா என்று கேட்டார்.

போட்டேன், இப்போது மறுபடி பத்துக்கு வந்துவிட்டேன் என்றாள் அமலோற்பவம்.

"அதாவது, பெயிலாகி இறங்கிட்டீங்க" என்றார் டீச்சர்.

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பினார்கள். அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள்.

இவா மாஸ்டர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"இல்ல டீச்சர். அக்கா பன்னிரண்டை முடிச்சுட்டுத்தான் பத்துக்கு வந்திருக்காங்க."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். இந்தச் சின்னப் பெண்தான் மாஸ்டர் என்று யாரோ அவர் காதில் சொன்னார்கள்.

"அப்ப நீங்க எத்தனைம்மா?"

ரீகனின் கை இலையிலேயே நின்றது. அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இன்னும் கொஞ்சம் மேல படிச்சேன் டீச்சர்" என்றார் மாஸ்டர். "இப்ப ஒன்பதுல இருக்கேன்."