ஏழாம் பத்தியும் சூளை லாரியும்

சீடருக்கு ஐம்பத்தேழு வயது. குருவுக்கு நாற்பத்தொன்று. சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார். காவியும் கமண்டலமும் தேடுகிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம். இது உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் நடந்தது.

அந்த மாடியில் 'விரல் மை' என்றொரு இணையதளம் இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் பறிபோனவர்கள், வாக்குச்சாவடி மாறிப்போனவர்கள், தேர்தல் செல்லாது என்று நீதிமன்றம் ஏறியவர்கள், இவர்களுடைய வழக்குகளை விடாமல் பின்தொடர்ந்து எழுதுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் உச்சியில் ஒரு சின்னக் கட்டம். அதில் 'நடக்கிறது' என்று இருக்கும், இல்லையென்றால் 'முடிந்தது' என்று இருக்கும்.

அதை நடத்தியவர் தாட்சாயணி. கறுப்பு அங்கி போட்டு வாதாடிக்கொண்டிருந்தவர், தீர்ப்பு வாங்கிக் கொடுத்தாலும் அது ஊர் போய்ச் சேருவதில்லை என்று கண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார்.

சீடர் வைத்திலிங்கம் அதற்கு நேர்மாறு. தொலைக்காட்சியில் தலைப்பு எழுதியே பேர் வாங்கியவர். அவர் தலைப்பு ஓடினால் டீக்கடையில் தம்ளர்கள் பாதி வழியில் நிற்கும் என்று சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கியமானவர் அவரேதான். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தேர்தல் வழக்குகளைக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்தார். நாலு விஷயம் கற்றுக்கொடுத்துவிட்டும் போகலாம் என்ற எண்ணம் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

அந்த மாடியில் ஒரு பழக்கம் உண்டு. செய்தியை வெளியிடும் முன், வழக்குப் போட்டவருக்குப் போன் செய்து முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும். படித்து முடித்ததும் அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று காதுகொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வைத்திலிங்கத்துக்கு இது கசந்தது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது அவருக்கு. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"மேடம், உங்க கணக்குல நல்ல தலைப்புன்னா எது?"

தாட்சாயணி திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பூங்காவனத்துக்குப் படிச்சுக் காட்டிட்டீங்களா, சார்?"

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. வைத்திலிங்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பதில் தெரியாதவர்கள் கேள்வி கேட்பது அவர் பார்க்காததா?

பூங்காவனம் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி. பொங்கல் கழிந்ததும் அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கு லாரி ஏறும். மழைக்காலத்தில்தான் திரும்பும். போன கோடையில் பட்டியலைச் சரிபார்க்க ஆள் வந்தபோது வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று எழுதி, தெருத்தெருவாகப் பெயரை அடித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பூங்காவனம் ஒரு தேர்தலைக்கூட விட்டவர் இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டார்.

பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. நோட்டீஸ் கொடுக்காமல் பெயரை நீக்கியது தவறு, மீண்டும் சேர்க்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். நீதிமன்ற வாசலில் தொலைக்காட்சி மைக்குகள் குவிந்தன. பழைய குதிரைக்குப் பறையொலி கேட்டது. வைத்திலிங்கம் மாடிக்கு ஓடிவந்தார். யாருக்கும் படித்துக்காட்ட நேரமில்லை. தலைப்பு தானாக விரலில் வந்து நின்றது.

'வென்றது சூளை! மீண்டது ஓட்டு!'

மற்ற எல்லோருக்கும் முந்திக்கொண்டு வெளியிட்டார். கொஞ்ச நேரத்தில் அது ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போனது. பழைய சகாக்கள் போன் செய்து, "அண்ணே, கை இன்னும் மறக்கல" என்றார்கள். மனிதருக்குக் கால் தரையில் இல்லை. கீழே போய் மைசூர்பாகு வாங்கிவந்து குருவின் மேசையில் வைத்தார்.

தாட்சாயணி செய்தியை முழுக்கப் படித்தார். மைசூர்பாகைத் தொடவில்லை.

"படிச்சுக் காட்டினீங்களா, சார்?"

"நேரமில்ல மேடம். எல்லாரும் முந்திருவாங்க."

"இப்போ காட்டுங்க."

"அதான் வெளியிட்டாச்சே."

தாட்சாயணி போனை எடுத்து வைத்திலிங்கத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பூங்காவனம் முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஒரே ஆரவாரம்.

"தெரியும் சார், தெரியும்! பக்கத்து வூட்டுப் பையன் போன்ல காட்டினான். ஊரே ஒரே சந்தோசம். நாங்கதான் ஜெயிச்சுட்டமே, காலையில லாரி ஏறிடறோம். ஓட்டு அன்னிக்கு வந்து குத்திட்டுப் போறோம்."

வைத்திலிங்கம் திரையில் தன் செய்தியைத் திறந்தார்.

"லாரி ஏறப்போறீங்களா?"

"இங்க மட்டுமா? சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துலயும் லாரி வந்து நிக்குது."

வைத்திலிங்கம் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, தான் எழுதியதை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வெற்றி, வரலாறு, போராட்டம் என்று பத்தி பத்தியாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் பூங்காவனம் "ஆமாங்க சார்" போட்டார். ஏழாம் பத்தி வந்தது. வைத்திலிங்கத்தின் குரல் தானாக இறங்கியது.

'நீக்கப்பட்டவர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் தாலுகா அலுவலகத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் இந்தத் தேர்தலில் பெயர் இடம்பெறாது.'

மறுமுனையில் ஆரவாரம் அடங்கிவிட்டது.

"சார்," என்றார் பூங்காவனம். "அப்போ எங்க பேரு இன்னும் ஏறலியா?"

வைத்திலிங்கம் தாட்சாயணியைப் பார்த்தார். "எழுதியிருக்கேன் மேடம். ஒண்ணும் மறைக்கல. ஏழாவது பத்தியில தெளிவா இருக்கு."

"இருக்கு, சார். ஏழாவது பத்தி வரைக்கும் லாரி நிக்குமா?"

அவருக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷத்தில் அவர் தலைப்பைப் படித்துவிட்டு யார் என்ன செய்தார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. படித்தார்களா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். அந்த வெட்கம் சுளீரென்று இருந்தது.

போனில் பூங்காவனத்தின் குரல் வந்தது. அதில் அழுகை இல்லை, அவசரம் இருந்தது.

"இன்னா சார், லைன்ல இருக்கீங்களா? எங்க ஊரு லாரிய நான் பாத்துக்கிறேன். மத்த ஊருல எல்லாம் நீங்க எழுதினதத்தான் பாத்துட்டுக் கெளம்பறாங்க. மொதல்ல அத மாத்துங்க."

வைத்திலிங்கம் உட்கார்ந்தார். வென்ற சூளையையும் மீண்ட ஓட்டையும் அழித்தார். புதிதாக ஒன்றை அடித்தார்.

'லாரி ஏறாதீர்கள்: வெள்ளிக்கிழமைக்குள் தாலுகா ஆபீசில் நேரில் எழுதிக்கொடுத்தால்தான் பெயர் வரும்'

தண்டோராக்காரன் சொல்வது போல இருந்தது. பழைய சகாக்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று வெளியிட்டார். பிறகு அதையே தன் குரலில் பேசிப் பதிவுசெய்து, வழக்கில் சேர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். பதில் வராத எண்களுக்குப் போன் செய்தார். தொண்டை கட்டிய பிறகும் செய்துகொண்டிருந்தார். தாட்சாயணி எதிரே உட்கார்ந்து மீதி எண்களை அழைத்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் வைத்திலிங்கத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவரே பஸ் பிடித்து அந்தத் தாலுகா அலுவலகத்துக்குப் போனார். வரிசை வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு சாலைவரை வந்திருந்தது. தலைச்சுமையோடு நின்றார்கள், இடுப்புப் பிள்ளையோடு நின்றார்கள். முன்னால் ஒரு பெண்மணி அதட்டி அதட்டி வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதுமே பூங்காவனம்தான் என்று வைத்திலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படிம்மா லாரிய நிறுத்தினீங்க?"

"மேஸ்திரி குதிச்சான் சார். நான் லாரிக்கு முன்னாடி மூணு கல்ல வெச்சு அடுப்பு மூட்டிட்டேன். எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கொரு அடுப்ப மூட்டிட்டாங்க. கொதிக்கிற சோத்து மேலயா வண்டிய ஏத்துவான்? ஊருல கோவம் வந்தா அவனுக்கு நாளைக்கு ஆளு கெடைக்குமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வைத்திலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் அவசரப்பட்டுட்டேன்."

"அதான் நீங்களே போன் போட்டீங்களே," என்று சொல்லிவிட்டு, வரிசையில் நுழையப் பார்த்த ஒருவரை விரட்டப் போய்விட்டார்.

மாடிக்குத் திரும்பியதும் வைத்திலிங்கம் கேட்டார். "எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க மேடம். கட்டத்துல முடிந்ததுன்னு போட்டுரலாமா?"

"பேர் ஏறட்டும், சார்."

பட்டியல் வந்தது. பெயர்கள் ஏறியிருந்தன. வைத்திலிங்கம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு மீண்டும் கேட்டார்.

"ஓட்டு விழட்டும், சார்."

சித்திரை வெயிலில் தேர்தல் வந்தது. எழுதிக்கொடுத்துவிட்டுச் சூளைக்குப் போயிருந்தவர்கள் முதல்நாளே பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வாக்குப்பதிவு முடிந்த சாயங்காலம் வைத்திலிங்கம் அந்த வழக்கின் கடைசிச் செய்தியை எழுதினார். இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? கட்டத்தில் 'முடிந்தது' என்று மாற்றினார். வெளியிடும் பொத்தானுக்குப் போன விரலைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்தார்.

"போட்டாச்சு சார்!" என்றார் பூங்காவனம். "யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கலம்மா. எழுதினதப் படிக்கிறேன், கேளுங்க."

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். எந்தப் பத்தியிலும் குரல் இறங்கவில்லை. மறுமுனையில் அடிக்கொரு தரம் "அப்பிடிச் சொல்லுங்க" என்று கேட்டது. படித்து முடித்ததும் வைத்திலிங்கம் பேசாமல் காதுகொடுத்தார்.

"நல்லா கீது சார். ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"நாளைக்கே நாங்க சூளைக்குத் திரும்பிருவோம். இந்தக் கோடையிலயும் பேரச் சரிபாக்க ஆளு வருவாரு இல்ல? அப்பவும் எங்க வூடு பூட்டித்தான கெடக்கும்?"

வைத்திலிங்கம் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

தாட்சாயணி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்ப நின்றவர், "என்ன கேட்டாங்க, சார்?" என்றார்.

சொன்னார். சொல்லும்போதே வைத்திலிங்கத்தின் கை கட்டத்துக்குப் போய் 'முடிந்தது' என்பதை அழித்து 'நடக்கிறது' என்று மாற்றியது. பிறகு நினைவு வந்தவராக நாற்காலியைத் திருப்பினார்.

"மேடம், வந்த புதுசுல உங்கள ஒண்ணு கேட்டேன். நல்ல தலைப்புன்னா எதுன்னு. நீங்க இன்னும் பதில் சொல்லல."

தாட்சாயணி கைப்பையைத் திரும்ப மேசையில் வைத்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்க கேட்டத அப்படியே அடிங்க, சார்."