சிவப்பு மூடி

ஒரு பரிசுக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதைகள் நிறைய உண்டு. இது ஒரு பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை. கேட்டுவிட்டு, அது யாருக்குச் சேர வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு வெளியே வேலுச்சாமி வீடு கட்டினார். அவர் கட்டினார் என்று பெயர்; செங்கல் இறங்கியதிலிருந்து அங்கேயே நின்று தொண்டை வறண்டது அவர் மனைவி தவமணிக்குத்தான். எது எப்போது கெட்டுப்போகுமோ என்று அவளுக்கு ஓயாத பதைப்பு.

வேலுச்சாமியின் தங்கை பூங்கோதையும் அவர்களோடு இருந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். மேடிட்ட புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை.

வீட்டில் இரண்டு குளியலறைகள். ஒன்று கணவன் மனைவிக்கு, மற்றது பூங்கோதைக்கு. நடுவே ஒரே சுவர். பூங்கோதையின் அறைக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் எடுப்பது என்று தவமணி நாள்கணக்காகக் குழம்பிக்கொண்டிருந்தாள். "எந்தக் கலரா இருந்தா எனக்கென்ன அண்ணி, வழுக்காம இருந்தாப் போதும்" என்று பூங்கோதை சிரித்தாள்.

பிளம்பர் இருதயராஜ் சுவரின் ஒரு பக்கம் நின்று, இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத்தண்ணீர் என்று குழாய் பதித்தார். அதே குழாய்களிலிருந்து மறுபக்கத்து அறைக்கும் நேராக இணைப்புக் கொடுத்தார். ஒரு சுவரின் இந்தப் பக்கத்து இடது, அந்தப் பக்கம் போய் நின்றால் வலது. டைல்ஸ் ஒட்டி முடித்து, தண்ணீர் திறந்து பார்த்த அன்றுதான் அது அவருக்கு உறைத்தது. பூங்கோதையின் அறையில் வெந்நீர் வலப்பக்கம் வந்தது.

அவர் மறைக்கவில்லை. "தப்பு என்னுதுதான்க்கா. நாலு டைல்ஸை உடைச்சா மாத்திரலாம்" என்றார்.

தவமணி யோசித்தாள். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுத்தாயிற்று. பால் காய்ச்சாத வீட்டில் சுவரை உடைப்பதா? அந்த டைல்ஸும் கடையில் தீர்ந்துவிட்டது. வேறு வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெந்நீர்க் குழாயின் தலையில் சிவப்பு மூடி, மற்றதில் நீல மூடி என்று மாட்டுவது வழக்கம்.

"மூடிய மட்டும் மாத்திப் போட்டுருங்க. பாத்துத் திறந்துக்கலாம்" என்றாள்.

அந்த அறையில் யார் குளிக்கப் போகிறார் என்று இருதயராஜ் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூடிகள் மாறின. தவமணி இரண்டையும் திறந்து பார்த்தாள். சிவப்பில் வெந்நீர், நீலத்தில் பச்சைத்தண்ணீர். ஒரு குறையும் தெரியவில்லை. கணவரிடம் சொன்னால் சத்தம் போடுவார் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

குடிவந்த அன்று, குழாயில் ஏதோ கோளாறு என்று வேலையாட்கள் பேசிக்கொண்டார்களே என்று பூங்கோதை விசாரித்தாள்.

"எல்லாம் சரி பண்ணியாச்சும்மா" என்றாள் தவமணி. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. அவள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

மறுநாள் தை மாதக் குளிர். தங்கை பச்சைத்தண்ணீரில் குளித்துவிடுவாளே என்று வேலுச்சாமி இரண்டு அறைக்கும் பொதுவான கீசரைப் போட்டு, சூட்டைக் கடைசிவரை திருகி வைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போனார். அவளிடம் சொல்லவில்லை.

பூங்கோதை துணி அலசப் போனாள். எந்த ஊரில், எந்த விடுதியில் தங்கியிருந்தாலும் வலப்பக்கக் குழாய் பச்சைத்தண்ணீர் என்பதுதான் அவள் கை பழகிய கணக்கு. அதைத் திறந்து விரலை நீட்டிப் பார்த்தாள். இரவெல்லாம் குழாயில் தேங்கி நின்றதுதான் முதலில் வந்தது, ஜில்லென்றிருந்தது. வாளி நிறையட்டும் என்று துணியை எடுக்கத் திரும்பினாள். பிறகு துணியோடு இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை உள்ளே முக்கினாள்.

தோல் மறுபடி வளர்ந்தது. உணர்ச்சி திரும்புமா என்பதற்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை. கட்டுப் பிரித்த அன்று பூங்கோதை பாடப் புத்தகத்தை மடியில் விரித்து, முதல் வரியில் விரலை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். ஒவ்வொரு விரலாக மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"வெறும் காகிதமா இருக்கு அண்ணி" என்றாள்.

அவள் வகுப்புக்குப் பள்ளியில் வேறு டீச்சரைப் போட்டுவிட்டார்கள்.

இருதயராஜ் வந்து, வாசற்படி ஏறாமல் நின்று, குழாயை மாற்றிப் பதித்தது தன் கைதான், பழி தனக்குத்தான் என்றார். கீசரைப் போட்டதும் சொல்லாமல் போனதும் தானே என்று வேலுச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். உடைக்க வந்தவரைத் தடுத்தது நானல்லவா என்று தவமணி சுவரோடு சாய்ந்தாள்.

இந்த மூவரில், பூங்கோதையின் விரல்களை வேகவைத்த பழி யாரைச் சேரும்?

விடை: தவமணியை. இருதயராஜ் தவறினார், ஆனால் ஒப்புக்கொண்டார், திருத்தவும் தயாராக நின்றார். அந்த அறை யாருடையது என்பது அவருக்குத் தெரியாது. வேலுச்சாமிக்குக் குழாய் மாறிய சேதியே தெரியாது. குழாய் இடம் மாறியதும், மூடியைக் கொண்டு அதைச் சமாளித்ததும், அங்கே குளிக்கப்போகிறவள் யார் என்பதும் சேர்ந்து தெரிந்தவள் தவமணி ஒருத்திதான். பூங்கோதை இந்தத் தீர்ப்பைத் தன் வாயால் சொன்னதில்லை. ஒரு நாள் சோறு ஊட்டும்போது, யார் மேல் கோபம் என்று சொல்லிவிடு என்று தவமணி கெஞ்சினாள். பூங்கோதை வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "அந்த ரூமை யாருக்குன்னு கட்டுனீங்க, அண்ணி?" என்றாள்.