தேவாங்கு பார்த்த கடல்

ஒரு காட்டில், ஆசை மட்டும் மலையளவு இருந்த சின்னத் தேவாங்கு ஒன்று வாழ்ந்தது. அந்தக் காட்டு மலையின் உச்சிக்குப் போனால் கடல் தெரியுமாம்! ஒருநாள் பொறுமைசாலி மிளா மானும், வாயாடி அணிலும், பயந்தாங்கொள்ளி முயலும் காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது என்று கிளம்பின.

"நானும் வருகிறேன்!" என்று ஓடி வந்தது தேவாங்கு.

"பகலெல்லாம் தூங்குகிற ஆளாச்சே நீ!" என்று அணில் சிரித்தது. "சரி சரி, மிளா அண்ணன் முதுகில் ஏறிக்கொள்."

தேவாங்கு ஏறிக்கொண்டது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அது வாய் திறந்து சொல்லவில்லை. இரவில் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடும் அதற்கு, வெயிலில் கண்ணே தெரியாது! கண் கூசிக் கண்ணீர்தான் கொட்டும். சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பாவம், அதற்குப் பயம்.

வழியெல்லாம் மிளாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தது. "தூங்குமூஞ்சி!" என்று அணில் கேலி செய்தபோதும் தலையை நிமிர்த்தவில்லை.

உச்சிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சுட்டெரித்தது.

"அதோ கடல்!" என்று மூன்றும் குதித்தன.

தேவாங்கும் கீழே இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து, "அடேயப்பா, எவ்வளவு பெரிசு!" என்றது.

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. "ஐயோ, அது பாறை! கடல் உன் முதுகுப் பக்கம் இருக்கிறது!"

சட்டென்று அதன் சிரிப்பு நின்றது. தேவாங்கின் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"எனக்குப் பகலில் கண் தெரியாது. சொன்னால் கூட்டி வரமாட்டீர்கள் என்று நினைத்தேன்," என்று அது விம்மியது. "இவ்வளவு தூரம் வந்தும் நான் மட்டும் கடலைப் பார்க்கவில்லை."

"அட அசடே, இவ்வளவுதானா?" என்றது மிளா. "பொழுது சாயட்டும். அதுவரை இங்கேயே இருப்போம்."

"இருட்டிவிட்டால் வழி தெரியாதே! பள்ளத்தில் விழுந்து தொலைத்தால்?" என்று முயல் நடுங்கியது. ஆனாலும் அதுதான் முதலில் போய்த் தேவாங்கின் பக்கத்தில் உட்கார்ந்தது. மிளா வெயிலை மறைத்து நின்றுகொண்டது. அணில் நெல்லிக்காய் பறித்து வந்து, வாய் மூடாமல் கதை அளந்தது.

சூரியன் சாய்ந்தது. தேவாங்கு மெல்லக் கண்களைத் திறந்தது. கருநீலமாய், முடிவே இல்லாமல், கடல்! தேவாங்கு இமைக்காமல் பார்த்தது. முயலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. முயல் ஓர் அடி வைப்பதற்கே தயங்கியது. மிளாவின் கழுத்தில் உட்கார்ந்திருந்த தேவாங்கோ, "வலப்பக்கம் பள்ளம் அண்ணா, இப்படி வா! முயலே, அண்ணனை ஒட்டியே நட! அணிலே, அங்கே முள் இருக்கிறது!" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அடிவாரத்தில் கால் வைத்ததும் முயல் பெருமூச்சு விட்டது.

"அடுத்த தடவை மத்தியானத்துக்கு மேலேயே கிளம்பலாம்," என்றது.

நீதி: உன்னால் முடியாததை நண்பர்களிடம் மறைக்காதே, நல்ல நண்பர்கள் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள், காத்திருப்பார்கள்.