மாசி வீதியில் ஒரு சுற்று

மதுரையின் பழைய வீதிகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி முத்தழகி. ஒருநாள் காலை, அவள் அழைத்துப்போன சுற்றுலாக் கூட்டத்தில் வந்த நகரமைப்பு நிபுணர் ஞானசிகாமணி தெற்கு மாசி வீதியில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

“இது கண்டபடி வளர்ந்த ஊரும்மா! திட்டம் போட்டுக் கட்டினதுன்னு வரைபடம் இல்லாம நிரூபி. இல்லேன்னா உன் உரிமத்தைப் பறிக்கச் சொல்லிடுவேன்.”

முத்தழகி சிரித்தாள்.

“ஐயா, கோயிலை வலப்பக்கம் வச்சுக்கிட்டு வீதி போற போக்குல நடங்க. நீங்க வந்து சேர்ற இடத்துல காத்திருக்கோம்.”

வெகுநேரம் நடந்து வேர்த்து வந்த நிபுணர் திகைத்தார். கூட்டம் நிழலில் உட்கார்ந்து ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தது.

“எப்படி எனக்கு முன்னாடி வந்தீங்க?”

“நாங்க நகரவே இல்லைங்கய்யா. நாலு மாசி வீதியும் கோயிலைச் சதுரமாச் சுத்தி உங்களைக் கிளம்பின இடத்துலயே சேர்த்திருக்கு. கண்டபடி வளர்ந்த ஊரா இருந்தா, இந்நேரம் உங்களைத் தேடிக்கிட்டுல்ல இருப்போம்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நிபுணர் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார்.