வாசலில் ஒரு சொல்

"குருவே, இன்றைக்கு வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் அவசரப்படக் கூடாது. முதலில் கஞ்சியைக் குடியுங்கள்."

ரதீம் அப்படித்தான். சிரிப்பைக் கையில் மூடி வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுவான். கழுதை முதல் பேராயர் வரை எல்லார் குரலும் அவன் தொண்டையில் குடியிருந்தன.

அவன் செக் நாட்டுக்காரன். அந்த மலை மடத்தில் அவனுக்குக் குருவாக வாய்த்த சவேலி ரஷ்யாவிலிருந்து வந்தவர். கோபித்துப் போன தம்பி என்றாவது வருவான் என்று தினமும் மேசையில் ஒரு கிண்ணம் கூடுதலாக வைப்பவர். அன்றும் வைத்திருந்தார்.

கஞ்சி முடிந்தது. "சொல்லேன்டா."

"பொறுங்கள், பொறுங்கள். சற்று முன் வாசலில் ஒரு கிழவர். தட்டலாமா வேண்டாமா என்று கையைத் தூக்குகிறார், இறக்குகிறார். தலைக்கு மேலே கூரைப் பனி இதோ விழுகிறேன் என்று தொங்குகிறது. சும்மா விடுவேனா? கதவுக்குப் பின்னால் நின்று, உங்கள் குரலில் ஒரு அதட்டு. 'பொஸோர்!'"

"ம்."

"எங்கள் செக் மொழியில் ஜாக்கிரதை என்று நல்லதுதானே சொன்னேன்! அவர் என்ன செய்தார் தெரியுமா? தொப்பியைக் கழற்றிக் கதவுக்கு ஒரு கும்பிடு போட்டார், குருவே! கதவுக்கு! அப்புறம் இப்படி..." ரதீம் தோளைக் குறுக்கி, குரலை உடைத்துக்கொண்டான். "'பு... பு... புரிந்தது.' அவ்வளவுதான். மலையிறங்கிவிட்டார்."

குரு சிரிக்கவில்லை. "அந்தக் குரலை இன்னொரு தடவை காட்டு."

ரதீமுக்குக் குஷி. அச்சு அசலாகக் காட்டினான். குரு கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்தச் சொல் எங்கள் மொழியிலும் உண்டு, ரதீம்."

"ஜாக்கிரதைதானே?"

"வேர் ஒன்றுதான். பார்ப்பது. அடிபடாமல் பார்த்துப் போ என்கிறீர்கள் நீங்கள். ஊரே உன்னைப் பார்க்கிறது என்கிறோம் நாங்கள். எங்களிடம் அது மானக்கேடு."

ரதீமின் வாயில் சிரிப்பு பாதியில் நின்றது.

"என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய்," என்றார் குரு. "குடித்துவிட்டுச் சந்தை நடுவில் நின்றவனைப் பார்த்து, நான் கடைசியாகக் கத்தியதும் அந்தச் சொல்தான்."

ரதீம் மேசையைப் பார்த்தான். துடைத்து வைத்த கிண்ணம் அப்படியே இருந்தது. நாற்காலி உருள எழுந்தான்.

"தூரம் போயிருக்க மாட்டார், குருவே! ஓடிப்போய் உங்கள் குரலிலேயே கூப்பிடுகிறேன். நின்றுவிடுவார்!"

"ஓடு. அந்தக் குரல் மட்டும் வேண்டாம்," என்றார் குரு. "அதைக் கேட்டால் இன்னும் வேகமாக நடப்பான்."