சீழ்க்கை அடிக்காத கடா

வரையாடுகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மந்தைக்குக் காவல் நின்றவை கடாக்கள்தான். "காவலுக்கு நிற்கிறவன் மந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது" என்று மந்தையின் மூத்தவள் சொல்லியிருந்தாள். வேறு எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்; அது காவல் நின்ற நெட்டைக்கொம்பனுக்கு மறந்துபோயிற்று.

உச்சிப் பாறையில் நின்று அவன் மந்தையைத்தான் பார்த்தான். மந்தையிலும் வெண்காலியை, தன் துணையை. அவள் பக்கத்தில் எப்போதும் செம்பிடரி. போன மழைக்கு வேறு மலையிலிருந்து வந்தவன்.

"நின்னு நின்னு உங்க வீட்டுக்காரரும் பாறையாவே ஆயிட்டாரே!" என்றான் செம்பிடரி.

வெண்காலி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாறை உச்சிவரை ஏறி வந்தது. பத்து மழைக்காலம், ஆபத்து கண்டு அவன் அடித்த சீழ்க்கையால் பிழைத்தவள், அவனிடம் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

கிழக்குச் சரிவில் புல் மூடிய ஒரு குகைக்குழி இருந்தது. கல்லைப் போட்டால் சத்தம் வராத ஆழம். அதைக் கண்டவன் நெட்டைக்கொம்பன் ஒருவனே. யார் அந்தப் பக்கம் போனாலும் சீழ்க்கை அடிப்பான். காரணம் கேட்காமல் திரும்பிவிடுவார்கள்.

அன்று மாலை வெண்காலி மேலே வந்தாள்.

"நாளைக்குக் கிழக்குச் சரிவுக்குப் போறோம். இளம்புல்லாம். அவரு வழி காட்டுறாரு."

"அவரா? எப்போ இருந்து 'அவரு'?"

"ஏன், வயிறு எரியுதா? நீங்கதான் சீழ்க்கை அடிச்சு அடிச்சு அங்கே போகவே விடலையே."

"எனக்கென்ன? போறவங்க போங்க."

காலையில் மூடுபனி. பனியில் வரையாடுகள் முன்னே போவதன் குளம்படியிலேயே குளம்பு வைத்து, வரிசையாக நடக்கும். பனிக்கு மேலே கொம்புகள் மட்டும் தெரிந்தன. செம்பிடரியின் கொம்பு குழியை நோக்கி நேராகப் போனது.

நெட்டைக்கொம்பன் மூச்சை இழுத்தான். 'அவன் மட்டும் விழட்டும். பிறகு அடிக்கலாம்.'

கொம்பு மறைந்தது. உடனே சீழ்க்கை அடித்தான். அதற்குள் அடுத்த கொம்பும் மறைந்துவிட்டது. முனை உடைந்த, சின்னக் கொம்பு, வெண்காலியுடையது.

மூத்தவள் குழியின் விளிம்பில் நின்று இருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பாறைக்கு ஏறி வந்தாள்.

"ஏண்டா, உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

அவன் பாறையை விட்டு இறங்கினான். அந்த இடத்தில் மூத்தவள் தானே ஏறி நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்துதான் அந்தக் குழியின் அடியில் ஆட்டெலும்புகள் கிடக்கின்றன. அன்றிலிருந்துதான் பாறையில் பெட்டை காவல் நிற்க, வளர்ந்த கடா மந்தையை விட்டுத் தனியே மேய்கிறது. நெட்டைக்கொம்பன் அடுத்த முகட்டுக்கு நடந்தான். இனி மந்தைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தான்.